அவுட் ஆனவர்களின் வரிசை

கபடி ஆட்டத்தில் கூட்டத்தின் கண் பாடப் போகிறவன் மேல் இருக்கும். என் கண் அம்பயரின் கை மேல் இருக்கும். ஒருவன் நான்கு பேரை இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விழும்போது ஆரணிக் கோட்டை மைதானமே எழுந்து நின்று விசிலடிக்கும். அந்த நேரத்தில் நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். யாரைத் தொட்டான், எத்தனை பேர் அவுட், போனஸ் கோட்டைக் கடந்தானா, எதிரணியில் இன்னும் எத்தனை பேர் மிச்சம், அவுட்டானவர்கள் உட்காரும் கட்டத்திலிருந்து யார் உள்ளே போக வேண்டும் என்று ஐந்து கேள்விகள். அடுத்தவன் பாடக் கிளம்புவதற்குள் ஐந்துக்கும் தாளில் பதில் இருந்தாக வேண்டும்.

எனக்குத் தொழில் பட்டு நெசவு. அப்பாவோடு குழித்தறியில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டுப் பழகியவன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எண்ணிக்கை தானாக வந்துவிடும். ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவில் எத்தனை ஊடை என்று எண்ணாமல் சேலை நெய்ய முடியாது. முதலாளி வீட்டிலிருந்து பட்டும் ஜரிகையும் எடைபோட்டு வாங்கி வந்தால் அதற்கு நோட்டு உண்டு. சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அதே நோட்டில் கழித்து எழுதுவார்கள். எங்கள் வீட்டு நோட்டை நான்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் அதைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அச்சுல அடிச்ச மாதிரி இருக்குடா. சாயங்காலம் மைதானத்துக்கு வா, ஸ்கோர் எழுதணும்" என்றார். அவர் கையில் கொடுத்த முதல் தாளின் தலைப்பில் வட ஆற்காடு மாவட்டம் என்று அச்சாகியிருந்தது. 1989-ல் மாவட்டம் பிரிந்து நாங்கள் திருவண்ணாமலைப் பக்கம் வந்துவிட்டோம். பழைய தாள்கள் தீரும்வரை தலைப்பை அடித்துவிட்டு எழுதினோம்.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கும், காணும் பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் சுற்றிலும் எங்காவது ஆட்டம் இருக்கும். சைதாப்பேட்டை, கோசப்பாளையம், எஸ்.வி. நகரம், முள்ளிப்பட்டு, களம்பூர், தேவிகாபுரம் என்று சைக்கிளில் போய் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அறுவடை முடிந்த நிலத்தில் நீர் தெளித்து மண்ணை இறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு விளக்குக் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். எனக்கு ஒரு பள்ளிக்கூட பெஞ்சும் ஒரு மேசையும் கொடுப்பார்கள். மேசை இல்லாத ஊரில் அரிசி மூட்டையைப் போட்டு அதன் மேல் பலகை வைத்துக் கொடுத்ததும் உண்டு; அரிசி ஆலை நிறைந்த எங்கள் பக்கம் மூட்டைக்குக் குறைவில்லை.

சடுகுடு என்று ஆடிய காலத்தில் இதற்கு இத்தனை எழுத்து தேவைப்படவில்லை. முன்னால் மூன்று வகை ஆட்டம் இருந்தது. அமர் என்பதில் தொடப்பட்டவன் வெளியே போக மாட்டான். புள்ளி மட்டும் ஏறும். காமினியில் அவுட்டானவன் திரும்பி வரவே மாட்டான்; ஒரு பக்கம் முழுதும் காலியானால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு புள்ளி, மறுபடி எல்லோரும் இறங்குவார்கள். சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவன் அவுட்டானால் நம் பக்கத்தில் போனவன் ஒருவன் உயிர்த்து வருவான். இன்று ஆசியப் போட்டியிலும் புரோ கபடியிலும் ஆடுவது இந்தச் சஞ்சீவனியிலிருந்து வளர்ந்த ஆட்டத்தைத்தான். அமரிலும் காமினியிலும் மண்ணில் குச்சியால் கோடு கிழித்தே கணக்கை முடித்துவிடலாம். சஞ்சீவனிக்கு அப்படி முடியாது. இதில் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று புள்ளி. மற்றொன்று ஆள்.

கூட்டத்துக்குத் தெரிவது புள்ளிக் கணக்கு. பலகையில் இருப்பதும் அதுதான். ஆனால் ஆட்டத்தை நடத்துவது ஆள் கணக்கு. விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் வேண்டும். அந்த உதவி ஸ்கோரர் இருவரின் வேலை என்ன என்று கேட்டால் பத்து வருடம் ஆடியவனுக்கே தெரியாது. அவுட்டானவர்கள் கட்டத்தில் எந்த வரிசையில் வந்து உட்கார்ந்தார்களோ அந்த வரிசையை எழுதிக் காப்பாற்றுவதுதான் அவர்கள் வேலை. முதலில் அவுட்டானவன்தான் முதலில் உள்ளே போக வேண்டும். ஊர் ஆட்டங்களில் உதவி ஸ்கோரர் கிடைப்பது அரிது. அந்த வரிசையையும் நானே எழுதுவேன். தாளின் இரண்டு ஓரங்களிலும் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அவுட்டானால் சட்டை எண்ணை எழுதுவேன், உள்ளே போனால் அடிப்பேன்.

இதில்தான் சண்டை வரும். ஒரு அணியில் நன்றாகப் பாடுகிறவன் ஒருவன் இருப்பான். அவன் மூன்றாவதாக அவுட்டாகி உட்கார்ந்திருப்பான். அவன் அணிக்கு ஒரு புள்ளி கிடைத்ததும் முதல் இடத்தில் இருக்கும் பையன் எழுந்திருக்க மாட்டான். மூன்றாவது ஆள் சட்டென்று எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிடுவான். பையன் தலையைக் குனிந்துகொள்வான். அணித் தலைவன் எங்கோ பார்ப்பான். நான் கையைத் தூக்கி அம்பயரைக் கூப்பிட்டு, "ஏழாம் நம்பர் வரக்கூடாது சார், நாலாம் நம்பர்தான் வரணும்" என்பேன். கூட்டம் என் மேல் பாயும். அவர்கள் பார்க்க வந்தது ஏழாம் எண் பாடுவதை. அவனை வெளியே அனுப்பச் சொல்கிறவன் மேல் ஆத்திரம் வராமல் இருக்குமா? ஒரு ஊரில் பெரியவர் ஒருவர் மேசைக்கே வந்து, "தம்பி, ஒரு ஆள் முன்ன பின்ன போனா என்ன கெட்டுப் போச்சு? ஆட்டத்தைக் கெடுக்காதப்பா" என்றார். "ஐயா, உக்காந்திருக்கிற அந்தப் பையனும் உங்க ஊருதான்" என்று சொன்னேன். அவர் பையனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

அந்த நாலாம் எண்ணுக்காகத்தான் அந்த வரிசை இருக்கிறது. நட்சத்திரத்துக்கு வரிசை வேண்டியதில்லை. அவனை எப்படியும் உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஓரத்தில் கார்னராக நின்று, ஒரு கால் பிடிக்கக் காத்திருந்து, இரண்டு பாயிண்ட் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பையனுக்கு அந்தத் தாள் ஒன்றே ஆதரவு.

போனஸ் வந்த பிறகு ஆள் கணக்கு இன்னும் சிக்கலானது. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது பாடுகிறவன் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்து, பின் காலைத் தூக்கிவிட்டால் ஒரு புள்ளி. அதே மூச்சில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தால் மொத்தம் மூன்று பாயிண்ட். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வருவது இரண்டு பேர்தான். போனஸ் புள்ளிக்கு ஆள் உயிர்ப்பதில்லை. ஆல் அவுட் ஆக்கினால் கிடைக்கும் லோனாவின் இரண்டு புள்ளிக்கும் அப்படித்தான். மூன்று பாயிண்ட் என்று மைக்கில் சொன்னதும் மூன்று பேர் எழுந்து ஓடுவார்கள். அதை நிறுத்தாமல் விட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு ரெய்டிலும் ஒரு ஆள் அதிகமாக நிற்பான், அந்த அணி ஆல் அவுட் ஆக வேண்டிய இடத்தில் ஆகாது, லோனா தள்ளிப்போகும். தறியின் ஜக்கார்டில் ஒரு அட்டை முன்பின் மாறினால் பூ சுற்றுக்குச் சுற்று கோணலாக விழுவது போலத்தான் இது. அதனால் நான் புள்ளியைத் தாளின் நடுவில் அடித்துக்கொண்டு போவேன். போனஸுக்கு ஒரு குறி, லோனாவுக்கு ஒரு குறி, டெக்னிக்கல் பாயிண்டுக்கு ஒரு குறி. பார்த்த மாத்திரத்தில் எந்தப் புள்ளிக்கு ஆள் வந்தான், எதற்கு வரவில்லை என்று தெரிய வேண்டும்.

சட்டை எண் ஒழுங்காக இல்லாத ஊர்களில் பெரும்பாடு. ஒரே அணியில் இரண்டு பேர் பத்தாம் எண் பனியன் போட்டு வருவார்கள். வெற்றுடம்போடு வருகிற அணியும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஏழு பேரையும் மாற்று ஆட்களையும் மேசைக்கு வரச்சொல்லி, முதுகில் சாக்பீஸால் எண் எழுதி, அந்த எண்ணுக்கு எதிரே முழுப் பெயரும் அப்பா பெயரும் கேட்டு எழுதுவேன். வியர்வையில் சாக்பீஸ் அழிந்தாலும் பெயர் தாளில் இருக்கும். "எதுக்குண்ணா அப்பா பேரெல்லாம், ரேஷன் கார்டா எழுதுறீங்க?" என்று சிரிப்பார்கள். ஒரு ஊரில் நாலு மணிகண்டன் ஆடுகிற இடத்தில் அப்பா பெயர் இல்லாமல் என்ன எழுதி என்ன பயன்?

கிரிக்கெட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. அம்பயர் கை காட்டினால் ஸ்கோரர் அதைப் பார்த்துவிட்டேன் என்று பதிலுக்குக் காட்ட வேண்டும். காட்டும்வரை அம்பயர் அடுத்த பந்தை அனுமதிக்கக் கூடாது. ஸ்கோரர்களும் இரண்டு பேர். இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் 348 எடுத்தால் வெற்றி என்று ஆடிய இந்தியா 347-ல் கடைசி விக்கெட்டை இழந்தது. ஐந்து நாள், நாலு இன்னிங்ஸ், ஆயிரத்துக்கு மேல் ரன்; கடைசியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சரிசமம். டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது டை. அத்தனை ரன்னில் ஒரு லெக்-பை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த விதியை நான் கபடிக்கும் எடுத்துக்கொண்டேன். லோனா விழுந்தாலும், ஒரே ரெய்டில் ஒன்றுக்கு மேல் அவுட்டானாலும் அம்பயரைப் பார்த்துக் கையை உயர்த்தி விரலால் எண்ணிக்கையைத் திருப்பிக் காட்டுவேன். அவர் தலையாட்டிய பிறகுதான் எழுதுவேன். எங்கள் பக்கத்து அம்பயர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். நான் கை தூக்கும்வரை அவர்களும் விசில் ஊதுவதில்லை.

எண்ணுவது பெரிய விஷயமா என்று நினைப்பவர்களுக்கு ஹாங்சோவைச் சொல்வேன். 2023 அக்டோபர் 7, ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. நிமிடக் கணக்கில்தான் நேரம் மிச்சம். இந்தியாவின் பவன் செஹ்ராவத் பாடப் போனார். யாரையும் தொடாமல், ஆடுகள ஓரத்துப் பட்டையான லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்தி ஈரான் ஆட்களும் லாபிக்குள் போய்விட்டார்கள். பவன் மட்டும் அவுட்டா, பின்னால் போனவர்களும் அவுட்டா? புரோ கபடியில் பழகிய விதி ஒன்று சொன்னது; சர்வதேச விதி வேறு சொன்னது. மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. முடிவு மாற்றி மாற்றி அறிவிக்கப்பட்டது. வீரர்கள் ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் கேமராவும் மின்பலகையும் திரும்பப் போட்டுப் பார்க்கும் வசதியும் இருந்த இடத்தில், எந்த விதிப்படி எண்ணுகிறோம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே இரு பக்கமும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை அன்று உலகமே பார்த்தது. எங்கள் ஊர் ஆட்டங்களில் லாட் போட்டவுடன் தலைவர்களை மேசைக்குக் கூப்பிட்டு லாபிக்கு என்ன விதி, மூன்றாவது ரெய்டு கட்டாயமா, சூப்பர் டேக்கிள் உண்டா என்று கேட்டுத் தாளின் தலையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது அதற்கு வெகு முன்பிருந்தே என் வழக்கம். ஹாங்சோவுக்குப் பிறகு யாரும் அதை வீண் வேலை என்று சொல்வதில்லை.

இப்போது எனக்கு வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டம் முடிந்ததும் பரிசளிப்பு. கோப்பை, மாலை, பட்டாசு. விடிந்ததும் பந்தல் பிரிப்பார்கள். தாள் மேசை மேல் கிடக்கும். அடுத்த வருடம் அதே ஊருக்குப் போய், போன வருடம் இறுதி ஆட்டத்தில் என்ன ஸ்கோர் என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். ஜெயித்த அணியின் பெயர் கோப்பையில் இருக்கும். தோற்ற அணி அடியோடு மறைந்துவிடும். ஒரே இரவில் பன்னிரண்டு பாயிண்ட் எடுத்தவனின் பெயர் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட மிஞ்சாது. ஒருமுறை மேசை துடைக்கக்கூட அந்தத் தாளை எடுத்தார்கள். அப்போதிருந்து நான் கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று விழாக்குழுவுக்கு, ஒன்று எனக்கு. என் பிரதிகள் பட்டுச் சேலை வைக்கும் அட்டைப்பெட்டிகளில் வருடவாரியாக இருக்கின்றன. பூச்சி வராமல் வசம்பு போட்டு வைக்கிறேன்.

புரோ கபடி 2014-ல் தொடங்கியதிலிருந்து அங்கே ஒவ்வொரு ரெய்டும் கணக்கில் இருக்கிறது. பர்தீப் நர்வால் 2017-ல் ஒரே ஆட்டத்தில் 34 ரெய்டு பாயிண்ட் எடுத்தார் என்று எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். நம் ஊர்க் கதை வேறு. 1990-ல் பெய்ஜிங்கில் கபடி முதன்முதலாக ஆசியப் போட்டியின் பதக்கப் பட்டியலில் சேர்ந்தபோது தங்கம் வாங்கிய அணியில் தமிழகத்தின் ராஜரத்தினம் இருந்தார். 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். இருவருக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. அவர்கள் இளமையில் ஊர் மைதானங்களில் ஆடிய ஆட்டம் ஒன்றின் தாளையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. இதுவரை என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

ஊர்ப் போட்டித் தாளைக் காட்டி வேலை வாங்க முடியாது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 விழுக்காடு. அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அந்த அங்கீகாரப் போட்டிக்குப் பையனை அனுப்புவது யார்? கல்லூரி விடுதியில் இடம் கொடுக்கும் பயிற்சியாளர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? களம்பூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் தேர்வு நாளில் காய்ச்சலோடு போய்ச் சரியாக ஆடவில்லை. அவன் அண்ணன் என்னிடம் வந்து, அந்த வருடம் தம்பி ஆடிய ஆட்டங்களின் தாள்களைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எத்தனை ரெய்டு, எத்தனை டச், எத்தனை முறை பிடிபட்டான், லெப்ட் கார்னரில் நின்று எத்தனை பிடித்தான் என்று எல்லாம் அதில் இருந்தது. பயிற்சியாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பாடுறது பரவால்ல. ஆனா இந்தப் பையன் பிடிக்கிறவன்யா" என்று சொல்லி மறுபடி ஒரு நாள் வரச்சொன்னாராம். பையனுக்கு இடம் கிடைத்தது. அதுவரை அவனைப் பாடுகிறவன் என்றே ஊர் நினைத்திருந்தது. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

பெண்கள் ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். பள்ளி அணியாக வந்து ஆடிவிட்டுப் போகும் பெண் பிள்ளைகளின் பெயரை எழுதக்கூட நேரமில்லை என்று, எண்ணை மட்டும் எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாக இரண்டு பாதி ஆடும் ஆட்டத்துக்கு ஏழு பெயர் எழுத நேரமில்லையா? கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு, நானும் மாவட்டத்துக்கு ஆடியிருக்கிறேன் என்று மகளிடம் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு காகிதம் வேண்டாமா?

இப்போது செல்போனில் ஸ்கோர் போடும் செயலிகள் வந்துவிட்டன. என் பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்து அதில் போடுவான். நான் தாளில் எழுதுவேன். புள்ளியைக் கூட்டுவதில் செயலி தவறாது. ஆனால் ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ எடுக்கும்போது சிக்னல் போய்விடும். அதைவிட, போனை மாற்றினால் போன வருடம் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் தாளைப் படமெடுத்துப் போட்டுவிட்டோமே என்பார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. இரண்டும் இருக்கட்டும். தாளைக் கைவிடாதீர்கள்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். சேலையை எடுத்துக் கட்டுகிறவர்களுக்கு ஆரணி என்ற ஊர் தெரியும். அதை நெய்தவன் பெயர் தெரியாது. அந்த வழக்கத்தை நான் மாற்ற முடியவில்லை. மைதானத்தில் ஒரு பையன் பெயரை எழுதி வைப்பது என் கையில் இருக்கிறது. அதனால்தான் கண் மங்க ஆரம்பித்த பிறகும் மேசையை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் ஒதுக்கும்போது நல்ல கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டுக்கும் ஒதுக்குங்கள். அதில் ஆடுகிற ஒவ்வொருவரின் முழுப் பெயரும் அப்பா பெயரும் ஊரும் இருக்கட்டும். யார் எத்தனை எடுத்தார், யார் யாரைப் பிடித்தார் என்று இருக்கட்டும். தோற்ற அணியின் பக்கத்தையும் முழுசாக எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு தலைவர்களும் அம்பயர்களும் ரெஃப்ரியும் அதிலேயே கையெழுத்துப் போடட்டும். நோட்டைக் கோயில் பெட்டியிலோ பள்ளிக்கூட பீரோவிலோ பூட்டி வையுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் உங்கள் ஊர்ப் பள்ளியில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ அனுப்புங்கள். எழுதும் முறையை நான் சொல்லித் தருகிறேன். அடுத்த காணும் பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நோட்டை இப்போதே வாங்கிவிடுங்கள்.